சாலைக் கடைத்தெரு தீர்ந்துபோனதா?

குழித்துறைக்காரர், 19 ஆகஸ்ட் 2023

ரொம்ப வருஷம் கழித்து திருவனந்தபுரம் போயிருந்தேன். கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி, சாலை என்று பேர் பெற்ற கடைத்தெருவுக்குள் நடந்தால் பழைய கடை ஒன்றைக்கூடக் காணோம். செல்போன் உறை, பிளாஸ்டிக் சாமான், நைட்டி இவைதான் தொங்குகின்றன. பித்தளைக் கடை, சர்க்கரைக் கடை, பாய்க்கடை எல்லாம் எங்கே போயின? லுலு மால் வந்ததோடு சாலையின் கதை முடிந்தது என்பது என் கட்சி. இல்லை என்கிறவர்கள் சொல்லுங்கள்.

20 ஆகஸ்ட் 2023, இரவு

இல்லை என்கிறேன். குழித்துறை அண்ணாச்சி, நீங்கள் எத்தனை மணிக்குப் போனீர்கள்? மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கிழக்கேகோட்டை முனையிலிருந்து நுழைந்தால் நீங்கள் சொன்னதுதான் கண்ணில் படும். காலை ஐந்து மணிக்கு மறுபக்கம், கிழக்கே கிள்ளிப்பாலம் பக்கமிருந்து வந்து பாருங்கள். இன்று அத்தம், ஓணப் பூக்களம் தொடங்குகிற நாள். தோவாளைப் பூச்சந்தையிலிருந்து வந்த கேந்திப்பூ மூட்டைகள் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. வாடாமல்லி, அரளி, கோழிக்கொண்டை, பிச்சி, எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சாக்கு. அத்தப்பூக்களம் போடுகிற பள்ளிக்கூடக்காரர்களும் பாங்கு ஊழியர்களும் விடிவதற்கு முன்பே பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இலைக்கட்டு இறக்குகிறவர்கள் "வழி, வழி" என்று கத்திக்கொண்டே ஓடுகிறார்கள். செத்த தெருவில் இப்படி ஒரு விடியற்காலை இருக்காது.

21 ஆகஸ்ட் 2023

மால் விஷயம். லுலு திறந்தது 2021 டிசம்பரில், ஆக்குளத்தில், பைபாஸ் ஓரமாக. சாலையில் மூடின கடைகளில் முக்கால்வாசி அதற்கு வெகு முன்னாலேயே மூடியவை. மாலுக்குப் போகிற கூட்டம் முன்பு எம்.ஜி. ரோட்டுக்குப் போன கூட்டம். கல்யாண வீட்டுக்கு அரை மூட்டை வெல்லமும் இருபது கிலோ பருப்பும் வாங்குகிறவர் ஆக்குளத்துக்கு ஏன் போகிறார்?

21 ஆகஸ்ட் 2023, சாயங்காலம்

வள்ளியூர்த் தம்பி, மார்த்தாண்டவர்மா சாலையைக் கட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவர் காலத்துக்குப் பிந்தியது. தர்மராஜா என்று சொல்கிற கார்த்திகைத் திருநாள் காலத்தில் திவானாக வந்த ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய சந்தை இது. அவர் 1789இல் திவான் ஆனார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தவர், சின்ன வயதில் ஒரு மரைக்காயர் வியாபாரியிடம் கணக்கு எழுதிப் பழகியவர். ஆலப்புழைத் துறைமுகத்தை உண்டாக்கியதும் இதே ஆள்தான். கணக்குப்பிள்ளை புத்தி இருக்கிற ஒருவர் போட்ட தெரு இது, அதை மனதில் வைத்துக்கொண்டால் இடம் ஏன் இப்படி அமைந்திருக்கிறது என்று விளங்கும். கோட்டை வாசலில் தொடங்கி நேராகக் கரமனை ஆற்றுப் பக்கம் போகிறது. தெற்கேயிருந்து வண்டியில் வருகிற நெல், வெல்லம், கருப்பட்டி, துணி இவற்றை ஆற்றைத் தாண்டினதும் பிடித்துக்கொள்ள ஒரு வாய். மேற்கே வள்ளக்கடவுப் படகுத்துறை. பிற்பாடு பார்வதி புத்தனாறு என்ற கால்வாயை வெட்டியபோது வள்ளத்தில் வந்த சரக்கு அங்கே இறங்கி மாட்டுவண்டியில் இங்கே வந்தது. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்த பிறகு கோயிலும் அரண்மனையும் பட்டாளமும் சாப்பிட்டாக வேண்டும், நெல்லோ தெற்கே விளைகிறது. அதனால்தான் சாலை கட்டப்பட்ட நாளிலிருந்தே அங்கே தமிழ் கேட்கிறது. எங்களை யாரும் புதிதாகக் கொண்டுவந்து குடிவைக்கவில்லை.

23 ஆகஸ்ட் 2023

அப்பா சாலையில் ஒரு மொத்த வெல்லக்கடையில் கணக்கெழுதினார். வீடு கரமனையில். பேரேட்டில் மலையாளக் கொல்லம் ஆண்டுதான் போடுவார், பக்கத்தில் சின்னதாக இங்கிலீஷ் தேதி. இந்த 17ஆம் தேதி சிங்ஙம் (ஆவணி) ஒன்று, கொல்லம் 1199 பிறந்தது, அப்பா இருந்திருந்தால் புதுப் பேரேட்டுக்கு மஞ்சள் தடவியிருப்பார். அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் பழைய திருவிதாங்கூர்ச் சக்கரக் காசிலேயே மனக்கணக்கு போடுவாராம்: பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். திருவிதாங்கூர் நாணயம் போன பிறகும் வயதான வாடிக்கைக்காரர்கள் சக்கரத்தில் விலை கேட்டால் அவர் அதே மூச்சில் ரூபாயில் பதில் சொல்வார் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கடைக்கு இரும்பு ஷட்டர் கிடையாது, பலகைக் கதவு. கீழேயும் மேலேயும் காடி வெட்டிய சட்டம். ஒவ்வொரு பலகையின் தலையிலும் உளியால் கோடு செதுக்கியிருக்கும், ஒன்று, இரண்டு, மூன்று என்று. வரிசை தப்பினால் கடைசிப் பலகை உள்ளே போகாது. ராத்திரி கடை கட்டும்போது பையன்கள் ஓடி ஓடி எடுத்துக்கொடுக்க, பெரிய பையன் ஒருவன் ஒவ்வொன்றாகக் காடியில் இறக்கித் தள்ளுவான். கடைசிப் பலகைக்குக் குறுக்கே இரும்புத் தண்டு, அதில் ஒரு பூட்டு. அந்தப் பலகைகளை இப்போது பழஞ்சாமான் வியாபாரிகள் மேஜை செய்வதற்கு வாங்கிப் போகிறார்கள். பலா, ஆஞ்சிலி மரம், கரையான் தொடாது.

23 ஆகஸ்ட் 2023, கொஞ்சம் கழித்து

பழைய கட்டடம் ஏன் இடிந்து நிற்கிறது என்று கேட்ட அக்காவுக்கு: வாடகைச் சட்டத்தைப் பாருங்கள். கேரளத்தில் 1965ஆம் வருஷத்துக் கட்டட வாடகைச் சட்டம் இன்னும் இருக்கிறது. தாத்தா காலத்தில் பேசின வாடகையில் பேரன் கடை நடத்துகிற இடங்கள் உண்டு. அந்த வாடகைக்கு உடமஸ்தர் ஓடு மாற்றமாட்டார், தன் இடமல்லாததற்குக் கடைக்காரர் செலவழிக்கமாட்டார். ஓட்டுக்கூரை மழைக்கு ஒழுகும், மேலே நீல தார்ப்பாய் போடுவார்கள், அதன் மேல் ஒரு விளம்பரப் பலகை அடிப்பார்கள். ஓட்டுக்கு அடியில் இருக்கிற மரவேலை யார் கண்ணிலும் படாது. மாடியை நிமிர்ந்து பார்த்தால் சாலையில் இன்னும் நிறைய பழைய சுவர் மிச்சம் இருக்கிறது. அண்ணாச்சி நைட்டியைப் பார்த்தார், அதற்கு மேலே பார்க்கவில்லை.

27 ஆகஸ்ட் 2023

பித்தளைக் கடையைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன், தனியாக எழுதவேண்டும் என்றுதான். பித்தளைக் கடைகள் இருக்கின்றன, குறைந்திருக்கின்றன. இன்றைக்கும் பழைய பாத்திரத்தை எடைக்குப் போட்டுப் புதிது வாங்கலாம். போனது என்னவென்றால் அவற்றை ஒட்டி இருந்த ஈயம் பூசுகிற ஆள். எங்கள் வீட்டு அண்டாவும் குண்டானும் வருஷத்துக்கு ஒரு தரம், ஓணத்துக்கு முன்னால், அவரிடம் போகும். செம்புக்கும் பித்தளைக்கும்தான் ஈயம் தேவை. ஓட்டு உருளிக்குத் தேவையில்லை, அதில் பாயசமே வைக்கலாம். பூச்சுப் போன பித்தளையில் புளிக்குழம்போ மோரோ நின்றால் பச்சையாகக் களிம்பேறும், வயிற்றைப் பிரட்டும்.

அவர் செய்கிறதைப் பார்க்க நான் போய் உட்கார்ந்துகொள்வேன். முதலில் புளியும் மணலும் போட்டுப் பாத்திரத்துக்குள் காலால் மிதித்துச் சுற்றுவார், உள்பக்கம் ரோஜா நிறத்துக்கு வரும். தரையில் குழி வெட்டிக் கரி, கீழே துருத்தி. பாத்திரத்தைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் சூடேற்றி, நவச்சாரத் தூளை ஒரு கிள்ளு தூவினால் வெள்ளைப் புகை குபீரென்று மூக்கில் ஏறும். புகை அடங்குவதற்குள் ஈயக்குச்சியை ஒரு தொடு. பஞ்சுச் சுருணையால் சுற்றித் துடைத்துக்கொண்டே போவார், கை போகிற வழியெல்லாம் வெள்ளி ஓடும். சூடு குறைந்தால் திட்டுத் திட்டாகும், கூடினால் ஈயம் கருகும். அந்தச் சூட்டைப் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்த்தான் பார்ப்பார். பிறகு எவர்சில்வர் வந்தது, நான்ஸ்டிக் வந்தது. அவர் இருந்த திண்ணையில் இப்போது சார்ஜர் விற்கிறார்கள். இதற்கு யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை, என் வீட்டிலேயே அண்டாவைப் பரண் மேல்தான் வைத்திருக்கிறோம். ஆனாலும் அந்தத் தொழில் போனது எனக்கு ஆறவில்லை.

2 செப்டம்பர் 2023

ஓணம் முடிந்தது, இப்போது நிதானமாக எழுதலாம். சாலைக்கு நிஜமான ஆபத்து எதுவென்று ஒருவர் நேராகக் கேட்டார். லாரி நிற்க இடம் இல்லாததுதான் ஆபத்து. நான் சொல்ல நினைப்பது முழுக்க இதுதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

மாட்டுவண்டிக்குப் போட்ட அகலம் அது. கிழக்கேகோட்டையிலிருந்து ஆரியசாலை வரை இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கவேண்டும். முன்பு நாகர்கோவில் போகிற ரோடே இதற்குள்ளேதான் போயிற்று. பிறகு கிள்ளிப்பாலத்திலிருந்து அட்டக்குளங்கரைக்கும் தம்பானூர் பக்கத்துக்கும் வேறு வழி வந்தது. போக்குவரத்து விலகினால் கடைத்தெருவுக்கு நல்லது என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் மொத்த வியாபாரத்துக்கு லாரி கடை வாசலுக்கு வரவேண்டும். இப்போது பெரிய லாரி வெளியே நின்று, சரக்கு சின்ன வண்டிக்கு மாறி, அங்கிருந்து தலைச்சுமையாகக் கடைக்குப் போகிறது. ஒரே மூட்டையை மூன்று தரம் தூக்கவேண்டும். மூன்று கூலி. மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் மேல் இதைப் போடாதீர்கள், அது அநியாயம். 1978ஆம் வருஷச் சுமட்டுத் தொழிலாளர் சட்டத்துக்கு முன்னால் அவர்கள் நிலைமை என்ன என்று அப்பா நிறையச் சொல்லியிருக்கிறார். வேலை செய்யாமல் வாங்கும் நோக்குகூலியை 2018 மே ஒன்றாம் தேதியோடு அரசு நிறுத்தியது, அது சரி. ஆனால் தூக்குகிறவருக்குத் தூக்குகிற கூலி கொடுத்தே ஆகவேண்டும். மூன்று தரம் தூக்கவைப்பது தெருவின் அகலம்.

இன்னொன்று, எல்லை. 1956 நவம்பரில் நம் கன்னியாகுமரிப் பக்கத்து நாலு தாலுகாவும் தமிழ்நாட்டுக்குப் போனபோது தோவாளைக்கும் சாலைக்கும் நடுவில் ஒரு மாநில எல்லை விழுந்தது. அதற்கப்புறம் அமரவிளைச் சோதனைச்சாவடி. லாரி வரிசையில் நிற்கும், சீட்டு காட்டவேண்டும், சீல் போடவேண்டும். அந்தக் கஷ்டம் சாலை வியாபாரிக்குத்தான் ஒரு விதத்தில் காவலாக இருந்தது: எல்லைக்கு இந்தப் பக்கம் நெய்யாற்றின்கரையில் இருக்கிற சில்லறைக் கடைக்காரர் நாகர்கோவிலுக்குப் போய் வாங்கி எல்லை தாண்டிக் கொண்டுவருவதைவிட சாலைக்கு வந்து வாங்குவது எளிது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, சாவடி போனது. இப்போது நாகர்கோவில் மொத்தக்கடை வேன் நேராக நெய்யாற்றின்கரைக் கடை வாசலில் சரக்கு இறக்குகிறது. சாலைக்கு வருவதற்கு அந்தச் சில்லறைக் கடைக்காரருக்கு அவசியமில்லை. அப்படிப் போன வியாபாரத்தை மாலின் கணக்கில் எழுதுவது தப்பு.

மொத்தக்கடை கிடங்கு ஊருக்கு வெளியே போனால் அதை நம்பியிருக்கிற சாக்குக்கடை, கயிற்றுக்கடை, தராசு பழுதுபார்க்கிறவர், டீக்கடை எல்லாம் ஒவ்வொன்றாக இளைக்கும். காலியான இடத்துக்கு மலிவுச் சாமான் வரும். அண்ணாச்சி கண்ணில் பட்டது அந்தக் கடைசிக் காட்சி. சுற்றுலாத் துறை பாரம்பரியத் தெரு என்று திட்டம் எடுத்ததை நான் எதிர்க்கவில்லை, முகப்பு அழகாக இருப்பது நல்லதுதான். ஆனால் கிள்ளிப்பாலம் பக்கம் சரக்கு இறக்க ஒரு ஒழுங்கான இடமும், ராத்திரி இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று உறுதியான நேரமும் கொடுத்தால் அதுதான் சாலையைக் காப்பாற்றும். 2020 ஜூலையில் நகரம் முழுக்க முப்பூட்டு (டிரிபிள் லாக்டவுன்) ஊரடங்கு போட்டபோது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துபோனது, சாலை அடைத்தால் பக்கத்துப் பெட்டிக்கடையில் பருப்பு தீரும் என்று.

15 அக்டோபர் 2023

நேற்று நவராத்திரி எழுந்தருளல் வந்தது. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்தநங்கை மூவரும் களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை வழியாக வந்துசேர்ந்தார்கள். எல்லையில் இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்யும். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்கு, முன்னுதித்தநங்கை செந்திட்டைக்கு, குமாரசுவாமி ஆரியசாலைக்கு. ஆரியசாலை என்றால் நம் தெருவின் கிழக்குக் கோடி. ஒன்பது நாளும் முருகன் கடைத்தெருவிலேயே இருக்கிறார். மொத்தக்கடைக்காரர்கள் பாதிப் பேர் தக்கலை, இரணியல், நாகர்கோவில் பக்கத்தவர்கள், அவர்களுக்கு ஊர்ச் சாமியே தங்களைத் தேடி வந்த மாதிரி. நேற்று ஒரு கிழவர் கடைக்கு உள்ளேயிருந்து விளக்கோடு ஓடிவந்து சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பின்னால் கல்லாவில் ஆளில்லை. யாரும் எதையும் தொடவில்லை.

15 அக்டோபர் 2023, இரவு

அடையாளம் என்று கட்டடங்களை மட்டும் எண்ணுகிறவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன். மேத்தன்மணிக் கடிகாரத்தைக் கேட்கிறீர்கள், அது கோட்டைக்குள் பத்மதீர்த்தம் பக்கம், சாலையில் இல்லை. தாடிக்கார முகத்தின் இரண்டு கன்னத்திலும் இரண்டு ஆடு முட்டுமே, அதுதான். பழவங்காடிப் பிள்ளையாரும் சாலையின் வெளிவாசலில்தான். சாலைக்கு உள்ளே என்றால் எனக்குச் சபாபதி கோயில் தெரு, கொத்துவால் தெரு, அரசு தமிழ்ப் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடம் இருக்கிறவரை நம் பிள்ளைகளுக்கு அ, ஆ உண்டு. இப்போது அங்கே பிள்ளைகளைச் சேர்க்க வீட்டில் யோசிக்கிறார்கள், எனக்கு அதுதான் கவலை. கடை போனால் வேறு கடை வரும்.

16 அக்டோபர் 2023

ஆ. மாதவனை ஒருவரும் சொல்லவில்லையே என்று ஒரு தம்பி கோபித்துக்கொண்டார். கோபம் நியாயம். சாலையில் கடை வைத்துக்கொண்டே இந்தத் தெருவின் சுமட்டுக்காரர்களையும் பிச்சைக்காரர்களையும் சின்னக் கடைக்காரர்களையும் தமிழில் எழுதியவர் அவர். 2015இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது, 2021 ஜனவரியில் காலமானார். தெருவுக்குள் ஏதாவது ஒரு சந்துக்கு அவர் பெயர் வைக்கலாம் என்று நான் வெகு நாளாகச் சொல்லி வருகிறேன், இங்கேயும் சொல்லிவைக்கிறேன். யாருக்காவது மாநகராட்சி உறுப்பினரைத் தெரிந்தால் ஒரு மனு எழுதுவோம், இரண்டு மொழியிலும்.

26 பிப்ரவரி 2024

நேற்று ஆற்றுகால் அம்மன் கோயில் பொங்கல். முந்தின வாரம் முழுக்க சாலையிலும் கிழக்கேகோட்டையிலும் மண்பானை மலையாகக் குவிந்திருந்தது, பொங்கல் வைக்க வந்த பெண்கள் விரலால் தட்டித் தட்டிப் பார்த்து எடுக்கிறார்கள். கணீரென்றால் எடுக்கலாம், மொத்தென்றால் விரிசல். சர்க்கரையும் பச்சரிசியும் பயறும் தேங்காயும் ஒரே கடையில் கட்டித் தருகிறார்கள். நம் நைட்டிக் கடைக்காரர் கடைக்கு முன்னால் செங்கல் விற்றார். நல்ல வியாபாரம் என்றார். போன தலைமுறையில் அதே இடத்தில் அவர் பாட்டனார் பாய் விற்றாராம். குழித்துறை அண்ணாச்சி, நீங்கள் தேடின பாய்க்கடை அதுதான் என்று நினைக்கிறேன்.

26 பிப்ரவரி 2024, சற்று முன்

அண்ணாச்சி அடுத்த மாதம் வருவதாகத் தனியாக எழுதியிருக்கிறார். அப்படியானால் கிழக்கேகோட்டைக்குப் போகாதீர்கள், நாகர்கோவில் பஸ்ஸில் கிள்ளிப்பாலத்திலேயே இறங்குங்கள். ஆறு மணிக்கு முன்னால். ஆரியசாலை வழியாக மேற்கே நடந்து வாருங்கள், வலது கைப் பக்கம் இரண்டாவது சந்தில் திரும்பினால் கருப்பட்டிக் கடை ஒன்று பலகைக் கதவோடேயே இருக்கிறது. ஓலைக் கொட்டானோடு வாங்குங்கள், உடைத்து வைத்திருப்பதை வாங்காதீர்கள், அதில் சீனி கலப்பு இருக்கலாம். ஈயம் பூச இப்போதும் ஆள் இருக்கிறார் என்று கரமனையில் ஒருவர் சொன்னார். விசாரித்துவிட்டு எழுதுகிறேன், பரணிலிருந்து அண்டாவை இறக்கவேண்டும்.